புதியவர்கள் சேர்ந்தும் சந்தாதாரர் எண்ணிக்கை உயராதது பற்றி

விளம்பரச் செலவை இப்போது கூட்ட வேண்டாம். மாதம் 40 பேர் புதிதாகச் சேர்ந்தும் எட்டு மாதங்களாக எண்ணிக்கை 500-லேயே நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து, மாதந்தோறும் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர், அதாவது சேருவோருக்குச் சமமாக 40 பேர், விலகுகிறார்கள் என்பது தெரிகிறது. விலகலை 4 விழுக்காடாகக் குறைத்தால், இதே சேர்க்கையிலேயே எண்ணிக்கை படிப்படியாக 1,000-ஐ நெருங்கும்; விளம்பரத்தால் அதே இடத்தை அடைய மாதம் 80 பேரைச் சேர்க்க வேண்டும், அந்தச் செலவும் ஒருபோதும் நிற்காது.

விலகலுக்குப் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு காரணம், வங்கி அட்டை காலாவதியாகியோ வங்கி மறுத்தோ கட்டணம் தவறுவது. இவர்கள் விலக நினைத்தவர்களே அல்லர் என்பதால் இந்த இழப்பு எனக்கு மிகவும் வருத்தமளிப்பது.

கடந்த மூன்று மாதங்களில் விலகியோரை, தாமே ரத்து செய்தவர்கள், கட்டணம் தவறியவர்கள் என இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பின்னவர்கள் கணிசமாக இருந்தால், சில நாள் இடைவெளியில் கட்டணத்தைப் பெற மறுமுயற்சி செய்வதும், அட்டை காலாவதியாகும் முன்பே மின்னஞ்சல் அனுப்புவதும், கணக்கை உடனே முடக்காமல் அவகாசம் தருவதும் பலனளிக்கும். முன்னவர்கள் மிகுதியென்றால், அவர்களில் ஐந்து பேரிடமாவது நேரில் பேசுங்கள்.

ஆண்டுச் சந்தாதாரர்களைத் தனியே கணக்கிடுங்கள். அவர்கள் தவணை முடியும் வரை விலக முடியாதாகையால், சேர்த்துக் கணக்கிட்டால் விலகல் விகிதம் உண்மையைவிடக் குறைவாகத் தோன்றும்.