மொரீசியஸ் பிரதமர் பதவி: கேள்வி பதில்

கேள்வி (சட்ட மாணவி, மதுரை): மொரீசியஸ் 1992-இல் குடியரசான பிறகு அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் போய்விட்டதா, ஐயா?

பதில்: இல்லை, அம்மா. 1968 மார்ச் 12-இல் விடுதலை பெற்றபோது அரசத் தலைமை பிரிட்டிஷ் அரசியிடமே இருந்தது. 1992 மார்ச் 12-இல் அந்த இடத்துக்குக் குடியரசுத் தலைவர் வந்தார், ஆட்சி நடத்தும் பொறுப்பு பிரதமரிடமே தொடர்ந்தது. அரசமைப்பின் 59-ஆம் பிரிவின்படி, நாடாளுமன்ற அவையில் பெரும்பான்மையினரின் ஆதரவு யாருக்கு இருப்பதாகக் குடியரசுத் தலைவருக்குத் தோன்றுகிறதோ அந்த உறுப்பினரையே அவர் பிரதமராக அமர்த்த வேண்டும். ஆதரவு யாருக்கு என்று எடைபோடுவது மட்டுமே அவருடைய உரிமை. தமக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுப்பதன்று. பதவிப் பெயரைப் பார்த்து அதிகாரத்தை அளக்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்): பிரதமரைக் குடியரசுத் தலைவர் நீக்க முடியுமா?

பதில்: நினைத்தபோதெல்லாம் முடியாது. நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி, மூன்று நாளுக்குள் பிரதமர் விலகாமலும் அவை கலைக்கப்படாமலும் இருந்தால் நீக்குவார். பொதுத் தேர்தலில் பெரும்பான்மை கைமாறிவிட்டது தெளிவானால், புதிய அவை கூடுமுன்பே நீக்கலாம்.

2002-இல் நடந்ததைப் பாருங்கள். பயங்கரவாதத் தடுப்பு மசோதாவுக்கு ஒப்புதல் தரக் குடியரசுத் தலைவர் காசம் உத்தீமுக்கு மனம் வரவில்லை. அவையோ அதை மீண்டும் நிறைவேற்றியது. இரண்டாம் முறை வரும் மசோதாவை மறுக்க அரசமைப்பு இடம் தரவில்லை. கையெழுத்திடுவதா, பதவியை விடுவதா என்ற நிலையில் அவர் விலகினார். அவரைத் தொடர்ந்து குடியரசுத் துணைத் தலைவர் அங்கிடி செட்டியாரும் விலக, தற்காலிகமாகப் பொறுப்பேற்ற தலைமை நீதிபதி அரிரங்க பிள்ளை கையெழுத்திட்டார். இரண்டு பேர் பதவியையே துறந்தும் மசோதா சட்டமாகிவிட்டது. பிரதமரின் அவைப் பெரும்பான்மை எத்தனை வலியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (கோவை): அங்கே மக்கள் பிரதமரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்களா?

பதில்: இல்லை. உறுப்பினர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்: முதன்மைத் தீவின் 20 தொகுதிகளில் மும்மூன்று பேர், அந்நாட்டைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவில் இருவர்.

கேள்வி (சேலம்): குடியரசுத் தலைவர்தானே பெரியவர், பிரதமரை மாற்றக் கூடாதா?

பதில்: தஞ்சாவூர் ஆசிரியருக்குத் தந்த பதிலைப் படிக்க வேண்டுகிறேன். இதே கேள்வி வேறு சொற்களில் இன்னும் நான்கு கடிதங்களில் வந்திருக்கிறது. அவற்றுக்கும் அதுவே பதில். பதவிப் பெயரைப் பார்த்து அளக்க வேண்டாம்.

கேள்வி (வழக்கறிஞர், சென்னை): 2017-இல் பிரதமர் அனிரூத் ஜக்நாத் விலகி மகன் பிரவிந்திடம் பதவியைக் கொடுத்தது முறையா? 2003-இல் அவரே கூட்டணிக் கட்சித் தலைவர் பால் பெரஞ்சேயிடம் கொடுத்தபோது யாரும் குறை சொல்லவில்லையே?

பதில்: இரண்டும் சட்டப்படி சரி, இரண்டும் ஒன்றல்ல. ஆட்சிக்காலத்தின் பின்பகுதியில் பெரஞ்சே பிரதமராவார் என்ற உடன்பாட்டை 2000-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்பே வாக்காளரிடம் சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள். 2014 தேர்தலில் பிரதமராக முன்னிறுத்தப்பட்டவர் தந்தை. இடையில் மகன் வருவார் என்று மக்களிடம் ஒப்புதல் கேட்கவில்லை.

மறுகேள்வி (அதே வழக்கறிஞர்): மக்கள் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில்லை என்று கோவை வாசகருக்கு நீங்களே எழுதினீர்கள். பெரும்பான்மை இருந்தால் போதாதா?

பதில்: பதவியேற்கப் போதும். உங்கள் வாதத்தின் அந்தப் பாதியை முழுமனத்தோடு ஏற்கிறேன். அன்றைய குடியரசுத் தலைவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் சுவரொட்டியில் ஒரு முகத்தைக் காட்டி வாக்கு வாங்கிய கட்சி, அந்த முகம் மாறும்போது மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. அதைத் தேர்தலில்தான் சொல்ல முடியும். எதிர்க்கட்சிகள் உடனே தேர்தல் கேட்டன. அது 2019 நவம்பரில்தான் நடந்தது, பிரவிந்தும் வென்றார். அன்றோடு அந்தக் குறை தீர்ந்தது என்பேன். அதுவரை ஏறக்குறைய மூன்றாண்டுகள் அது தீரவில்லை.

கேள்வி (திருச்சி): இவ்வளவு வலிய பிரதமரை யார்தான் அசைக்க முடியும்?

பதில்: வாக்காளர். 1982, 1995, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் முதன்மைத் தீவின் 60 இடங்களையும் எதிரணியே வென்றது. சிவசாகர் ராம்கூலம், அனிரூத் ஜக்நாத், பிரவிந்த் ஜக்நாத் ஆகிய மூவரும் பிரதமராக இருந்துகொண்டே அப்படித் தோற்றவர்கள்.