கொப்புள நோயும் புண்ணில் குடியிருக்கும் கிருமியும்: வாசகர் கேள்விகள்

எபிடெர்மோலிசிஸ் புல்லோசா, சுருக்கமாக ஈபி. லேசாக உரசினாலே தோல் கொப்புளித்து உரியும் பிறவி நோய். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிருமி பற்றியவை.

மகனுக்கு ஈபியில் ஒரு வகையான டிஸ்ட்ரோபிக் ஈபி. முதுகுப் புண்ணின் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ‘ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்’ என்று வந்திருக்கிறது. ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறார் டாக்டர். சும்மா விடலாமா?

காய்ச்சல் இல்லை, பையன் ஓடியாடுகிறான் என்றால் அவர் சொல்வதுதான் சரி. ஈபி புண்ணில் இந்தக் கிருமி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். உங்கள் மகனுக்கு மேல்தோலை அடித்தோலோடு பிடித்து வைக்கும் 7ஆம் வகை கொலாஜன் சரியாக உருவாவதில்லை. தோல் எப்போதும் எங்காவது திறந்தே கிடக்கிறது. கசியும் நீரில் கிருமிக்குத் தீனியாகப் புரதமும் இருக்கிறது. நல்ல தோலில் பல வகை பாக்டீரியாக்கள் கலந்து வாழும். நாள்பட்ட ஈபி புண்ணில் அந்தக் கலவை குறைந்து, ஆரியஸ் கை ஓங்குகிறது.

கிருமி குடியிருப்பது வேறு, தொற்று வேறு. வலி திடீரென்று கூடுவது, கசிவும் நாற்றமும் அதிகமாவது, ஆறிவந்த புண் அப்படியே நின்றுவிடுவது, சுற்றிலும் சிவந்து சூடாகப் பரவுவது, காய்ச்சல், சாப்பிட மறுப்பது: இவைதான் தொற்றின் அறிகுறிகள். இவை தெரிந்த பிறகு கல்ச்சர் எடுத்தால் எந்த மருந்து கேட்கும் என்று தெரியும். அதற்கு முன் எடுத்தால் வீட்டில் பயம்தான் மிஞ்சும். மாதக்கணக்கில் மியூபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பைத் தடவுவதும் வேண்டாம்; அதற்கு மசியாத கிருமிதான் வளரும்.

கட்டு பச்சையாகிறது, ஒரு மாதிரி இனிப்பு வாடை. என்ன செய்வது?

பெரும்பாலும் சூடோமோனாஸ். ஈரத்தில் செழிக்கும் கிருமி. டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சம்மதித்தால், கட்டுவதற்கு முன் நீர்த்த வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைக்கலாம். வெள்ளை வினிகர் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள்: 4 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு 15 பங்கு தண்ணீர், 5 சதவீதம் என்றால் 19 பங்கு. எரிகிறது என்று குழந்தை அழுதால் இன்னும் நீர்க்கச் செய்யுங்கள். சிலருக்கு மிக நீர்த்த பிளீச் குளியலும் சொல்லியிருப்பார்கள். இரண்டையும் ஒரே தண்ணீரில் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

கொப்புளத்தை உடைக்கலாமா, விட்டுவிடலாமா?

உடைக்க வேண்டும். விட்டால் உள்ளிருக்கும் நீர் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்ப் பெரிதாகும். புது ஸ்டெரைல் ஊசியால், கொப்புளத்தின் தாழ்ந்த ஓரத்தில், தோலுக்குக் கிடைமட்டமாக ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வெளியே எடுங்கள். மெத்தென்ற துணியால் ஒற்றி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை மட்டும் பிய்க்கவே கூடாது, அதைவிட நல்ல கட்டு கடையில் கிடைக்காது.

மாமியார் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடச் சொல்கிறார்.

அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் வேண்டாம். பற்று காய்ந்து ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது புதிதாக வந்த தோலும் கூடவே உரியும். ஒட்டாத சிலிகான் டிரஸ்ஸிங் போட்டு, மேலே சுருள் துணி சுற்றுங்கள். பிளாஸ்திரி எங்கேயும் தோலில் படக்கூடாது. கட்டு ஒட்டிவிட்டதா? லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டால் தானாகக் கழன்று வரும். வெறும் தண்ணீரைவிட எரிச்சலும் குறைவு.

புண்ணில் தடவும் ஜீன் ஜெல் வந்திருக்கிறதாமே?

ஆமாம், டிஸ்ட்ரோபிக் வகைக்கு. மாற்றியமைத்த ஹெர்பீஸ் வைரஸ் மூலம் கொலாஜன் ஜீனைப் புண்ணுக்குள் சேர்க்கும் ஜெல்லுக்கு அமெரிக்கா 2023இல் ஒப்புதல் தந்தது. சோதனையில் ஆறாவது மாதம் 67 சதவீதப் புண்கள் முழுதாக மூடின. மருந்தில்லாத ஜெல் தடவியவற்றில் 22 சதவீதம். நல்ல செய்தி, ஆனால் வாராவாரம் தடவ வேண்டும், விலை மலை. கையில் இருப்பதை மறக்க வேண்டாம்: ரத்தசோகையையும் புரதக் குறைவையும் சரிசெய்தாலே பல புண்கள் வேகமாக ஆறும்.

எனக்கு வயது 24. காலில் ஒரு புண் மாதக்கணக்காக ஆறவில்லை. தொற்றுதானா?

அப்படி நினைத்துக் களிம்பு மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ரெசெசிவ் டிஸ்ட்ரோபிக் வகையில் (அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வருவது) நாள்பட்ட புண்ணில் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் என்ற தோல் புற்றுநோய் வரலாம். கிருமிகள் கிளப்பும் ஓயாத அழற்சிக்கும் அதில் பங்கு உண்டு என்று எலி ஆய்வுகள் காட்டுகின்றன. உடனே பயாப்ஸி (புண்ணிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) கேளுங்கள். கடுமையான வகை உள்ளவர்களுக்கு 10 வயதிலிருந்தே, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலை முதல் கால்வரை பரிசோதனை வேண்டும்.

தங்கைக்கு ஒட்டிக்கொள்ளுமா?

ஈபி ஒட்டாது. புண்ணிலுள்ள கிருமி ஒட்டலாம். துண்டைத் தனியாக வையுங்கள், கட்டு மாற்றும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள். கூட விளையாடவும் பக்கத்தில் படுக்கவும் தடையில்லை.