வரிகள் புரியாமல் ஆங்கில ராக் பாட்டு கேட்பது வெறும் பகட்டுதானே?

கேள்வியிலேயே தீர்ப்பையும் எழுதிவிட்டீர்கள். உங்கள் வீட்டில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு பாட்டை அலறவிடுகிறார்கள் போலிருக்கிறது. அந்த எரிச்சல் புரிகிறது. ஆனால் என் அப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அவரிடம் பகட்டைத் தேடினாலும் கிடைக்காது.

எங்களுக்குக் கடலூரில் திருப்பாதிரிப்புலியூர். அப்பா நாற்பது வருடம் தவில் வாசித்தவர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு கடலூரில் பல நாள் மின்சாரம் இல்லை. இருட்டில் பேசிப் பேசி அலுத்த ஓர் இரவில், பழைய டேப் ரெக்கார்டரில் பேட்டரி போட்டு, லெட் செப்பெலின் என்ற ராக் குழுவின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டை வைத்தேன். 1971இல் வந்தது, எட்டு நிமிடம் ஓடும். தனி கிடாரில் தொடங்கும், மரக்குழல்கள் சேரும், பிறகு குரல். டிரம் மட்டும் வரவே வராது. நான்கு நிமிடம் தாண்டித்தான் டிரம் வாசிப்பவரான ஜான் பானம் உள்ளே வருவார்.

சுவரில் சாய்ந்திருந்த அப்பா டிரம் விழுந்ததும் நிமிர்ந்தார். “இவ்வளவு நேரம் தவில்காரரைச் சும்மா உட்கார வைத்திருந்தார்களா, பாப்பா?” தவில் வாசிக்க விரல் கூடு மாட்டி மாட்டிக் காய்த்துப்போன விரல்கள் தொடையில் ஓட ஆரம்பித்தன. சற்று நேரத்தில் முகம் சுளித்தார். “காலப்பிரமாணம் ஓடுகிறதே!” உண்மைதான், அந்தப் பாட்டு போகப் போக வேகம் பிடிக்கும். எங்கள் மேளத்தில் அது குற்றம். ஜிம்மி பேஜின் கிடார் அடங்கி, ராபர்ட் பிளான்ட் உச்சத்தில் பாடியபோது அவரே சொன்னார்: “தெரிந்தேதான் ஓட்டுகிறார்கள்.”

ராக்கையும் நாகஸ்வரத்தையும் ஒப்பிடலாமா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: நான் முறையாகச் சங்கீதம் படித்தவள் அல்ல. காத்திருந்து வாசிப்பவரை அப்பாவுக்கு அடையாளம் தெரிந்தது, அதைத்தான் சொல்கிறேன்.

1980இல், 32 வயதில் பானம் இறந்ததும் மற்ற மூவரும் குழுவையே கலைத்துவிட்டார்கள். நம் கல்யாண மண்டபங்களில் என்ன நடக்கிறது? நாகஸ்வரக்காரர் தோடி ராகத்தைத் தொடுவதற்குள் வீடியோக்காரர் கையை ஆட்டி நிறுத்துகிறார். தவில் கெட்டிமேளத்துக்கு மட்டும் போதும். மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில், பாதிக் கீர்த்தனையில் அப்பாவின் குழுவை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு போட்டார்கள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் தவிலுக்கு உறை போட்டார். முடிச்சு மட்டும் மூன்று முறை நழுவியது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது.

புயல் இரவில் நான் வைத்த அந்தப் பாட்டின் கடைசி வரி வாத்தியமே இல்லாமல் வெறும் குரலில் முடியும். அது வந்தபோது பேட்டரி தளர்ந்து குரல் இழுபட்டது. “இன்னொரு தடவை போடு” என்றார் அப்பா. ரீவைண்ட் செய்தால் மிச்சமிருக்கும் பேட்டரியும் போய்விடும். கேசட்டை வெளியே எடுத்து, சக்கரத்தில் பென்சிலை விட்டுச் சுற்றினேன். சுற்றி முடிக்கும்வரை அவர் விரல்கள் தொடையில் ஓயவில்லை.