மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் ஏன் சிவக்கிறது? அந்தக் கறை போகுமா?

சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்பு போட்டதும் கறை சிவந்துவிட்டது, இனி போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே காரணத்தாலா, இதை வைத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ப்ராஜெக்ட் செய்ய முடியுமா என்பவையும் கேள்வியில் இருக்கின்றன. கறை போகும். ஆரத்தியும் இதே வேதியியல்தான். ப்ராஜெக்ட்டுக்கு இதைவிட மலிவான பொருள் கிடைக்காது.

மஞ்சள் தூளுக்கு நிறம் கொடுப்பது குர்குமின் என்ற சேர்மம். கடையில் வாங்கும் தூளில் இது நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். மேகாலயாவின் லகாடாங் மஞ்சளில் ஏழுக்கு மேலும் போகும். மீதியெல்லாம் மாவுச்சத்து, நார், எண்ணெய். குர்குமின் மூலக்கூறின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பீனால் வளையம் உண்டு. நடுவில் அவற்றை இணைக்கும் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. இந்த அமைப்பு ஊதா, நீல ஒளியை (425 நானோமீட்டரை ஒட்டிய பகுதி) உறிஞ்சிக்கொள்கிறது. அது போக மிஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு மஞ்சள்.

காரம் (சுவையல்ல; அமிலத்துக்கு எதிரான, சோப்பு, சுண்ணாம்பு போன்ற பொருள்) பட்டால் குர்குமினிலிருந்து ஹைட்ரஜன் அயனி கழன்றுவிடுகிறது. அதன்பின் எலக்ட்ரான்கள் மூலக்கூறு முழுக்கத் தாராளமாகப் பரவுவதால், உறிஞ்சும் ஒளி பச்சைப் பக்கமாக நகர்கிறது. பச்சையும் நீலமும் போனால் மிஞ்சுவது சிவப்பு. பிஹெச் என்பது அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் போகப்போகக் காரம். பிஹெச் 7.4 வரை மஞ்சள், 8.6 தாண்டினால் சிவப்பு, இடையில் ஆரஞ்சு. துணி சோப்பின் நுரை பிஹெச் 9 முதல் 10 வரை இருக்கும், சலவை சோடாக் கரைசல் 11ஐத் தொடும். அதனால்தான் துணி சோப்பிலும் சலவைத் தூளிலும் கறை சிவக்கிறது, ஷாம்பூ போட்டால் அப்படியே மஞ்சளாக நிற்கிறது. சோப்பை நன்றாக அலசிவிட்டால் ஹைட்ரஜன் திரும்ப ஒட்டிக்கொண்டு கறை மறுபடி மஞ்சளாகும். அலசிய பிறகும் சிவப்பு தெரிந்தால் துணியில் இன்னும் சோப்பு மிச்சம் இருக்கிறது என்றுதான் பொருள்.

எலுமிச்சை தேய்த்தால் மஞ்சள் கறை போய்விடும் என்று எல்லா இடத்திலும் எழுதிவைத்திருக்கிறார்கள். போவதில்லை. சிவப்பு வெளிர் மஞ்சளாக மாறுவதைப் பார்த்துக் கறை குறைந்ததாக நினைத்துக்கொள்கிறோம், சாயம் முழுவதும் அங்கேயே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அதே இடத்தில் மறுபடி சோப்பைத் தடவிப் பாருங்கள், உடனே சிவக்கும். வினிகரும் அப்படித்தான். இதை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: கறை உண்மையில் போய்விட்டதா என்று பார்க்க சோப்பே நல்ல சோதனை. கண்ணுக்குத் தெரியாத மிச்சம்கூட சோப்பில் இளஞ்சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

கறை பிடிவாதமாக இருக்க இரண்டு காரணங்கள். குர்குமின் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது; எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். சாம்பாரில் தாளித்த எண்ணெயே அதைத் துணிக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. அடுத்தது, குர்குமின் பருத்தி நூலை நேரடியாகப் பிடிக்கும் சாயம். பல இயற்கைச் சாயங்களுக்குப் படிகாரம் போன்ற ஒன்று துணையாக வேண்டும், இதற்கு எதுவும் வேண்டாம். ஆனால் அதற்குப் பெரிய பலவீனம் ஒன்று உண்டு: வெயில் தாங்காது. மஞ்சள் தோய்த்த துணி சீக்கிரம் வெளுத்துப்போவது அதனால்தான். நாம் பிடிக்க வேண்டியதும் அந்தப் பலவீனத்தைத்தான்.

முதலில் கறையைத் தேய்க்காமல், டிஷ்யூ தாளையோ பழைய பனியன் துணியையோ வைத்து ஒற்றி எடுங்கள். பிறகு தண்ணீர் படுவதற்கு முன்பே பாத்திரம் கழுவும் லிக்விட் நாலைந்து சொட்டு விட்டு விரலால் மெதுவாகப் பரப்பி 10 நிமிடம் விடுங்கள். இது எண்ணெயை எடுக்க. பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் வேண்டாம். மிச்ச மஞ்சளுக்கு மருந்துக் கடை ஸ்பிரிட் அல்லது கை கழுவும் சானிடைசர் (ஜெல் அல்ல, தண்ணீர் மாதிரி இருப்பது). துணியைத் திருப்பிப் போட்டு, கறைக்குக் கீழே டிஷ்யூ வைத்து, பின்பக்கத்திலிருந்து பஞ்சால் ஒற்றினால் மஞ்சள் கீழே உள்ள தாளில் இறங்கும். தாளை மாற்றி மாற்றி நாலைந்து முறை செய்யலாம். முன்பக்கத்திலிருந்து ஊற்றினால் கறை வட்டமாகப் பரவும், அதுதான் பலரும் செய்வது. சாயம் போகும் துணியாக இருந்தால் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அடுப்பு, ஊதுவத்தி, விளக்கு பக்கத்தில் இந்த வேலை கூடாது. சானிடைசர் எரியும் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

அடுத்து சாதாரண சலவைச் சோப்பு போட்டு அரை மணி நேரம் விடுங்கள். கறை சிவக்கட்டும், பயப்பட வேண்டாம். காரத்தில் குர்குமின் தண்ணீரில் கொஞ்சம் கூடுதலாகக் கரைகிறது, அதோடு மூலக்கூறே மெல்ல உடையவும் செய்கிறது. அதற்குப் பிறகு அலசி, ஈரத்தோடு நேர் வெயிலில் கறைப் பக்கம் மேலே தெரியும்படி மூன்று நான்கு மணி நேரம் போடுங்கள். ஒரு பகல் வெயிலில் பெரும்பாலும் போய்விடும், பழைய கறைக்கு மறுநாளும் தேவைப்படும். மாடியில் காயப்போட வசதியில்லாத அடுக்குமாடி வீடு என்றால் வெயில் விழும் கண்ணாடி ஜன்னலுக்கு உட்பக்கம் போட்டாலும் வேலை நடக்கும். குர்குமின் பிடித்துக்கொள்ளும் ஊதா, நீல ஒளியைக் கண்ணாடி தடுப்பதில்லை, நேரம்தான் கூடுதலாகும். கறை போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். சூட்டில் மிச்ச எண்ணெயும் சாயமும் நூலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும்.

வெயிலுக்கும் மசியாத வெள்ளைப் பருத்தி என்றால் கடைசி வழி திரவ பிளீச். கடையில் விற்பது பொதுவாக 4 முதல் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. கலந்து, 10 நிமிடம் ஊறவைத்து அலசினால் போதும். குர்குமினின் நடுச் சங்கிலியையே இது உடைத்துவிடுவதால் நிறம் திரும்பி வராது. பட்டு, கம்பளிக்கு வேண்டவே வேண்டாம். அவை புரத இழை, அரித்துப்போகும். பிளீச் போடும் முன் ஸ்பிரிட், எலுமிச்சை, வினிகர் எதுவும் துணியில் இல்லாதபடி அலசியிருக்க வேண்டும். கழிவறை ஆசிட்டோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்ன குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

பிளாஸ்டிக் டிபன் டப்பா, மிக்ஸி மூடி இவற்றில் பிடித்த மஞ்சளை நாரால் தேய்த்துப் பயனில்லை. சாயம் மேலே ஒட்டியிருக்கவில்லை, எண்ணெயோடு பிளாஸ்டிக்குக்குள்ளேயே போயிருக்கிறது. கழுவிவிட்டு இரண்டு நாள் வெயிலில் வையுங்கள்.

இனி ஆரத்தி. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் பிஹெச் 12 வரை ஏறும், அதனால் சோப்பைவிட அடர்ந்த சிவப்பு கிடைக்கும். ஒரு டம்ளர் (200 மி.லி.) தண்ணீருக்கு அரை டீஸ்பூன் மஞ்சள் தூள், குன்றிமணி அளவு வெற்றிலைச் சுண்ணாம்பு போதும். சில வீடுகளில் எவ்வளவு சுண்ணாம்பு போட்டும் சிவக்காமல் ஆரஞ்சிலேயே நின்றுவிடும். டப்பியில் காய்ந்து கட்டியான சுண்ணாம்பாக இருக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து அது கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லின் பொருளாக மாறியிருக்கும். அதற்குக் காரத்தன்மை மிகக் குறைவு. புதிதாக ஈரச் சுண்ணாம்பு வாங்குங்கள். இன்னொரு புகார், காலையில் கலக்கி வைத்தது மாப்பிள்ளை அழைப்புக்குள் பழுப்பாகிவிடுகிறது என்பது. காரத்தில் குர்குமின் நிலைக்காது. ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையத் தொடங்கிவிடும். உடைந்து வரும் பொருள்களில் ஒன்று ஐஸ்கிரீமுக்கு வாசனை கொடுக்கும் வனிலின். மஞ்சளைத் தனியே கரைத்து வைத்து, தட்டு எடுக்கும் நேரத்தில் சுண்ணாம்பைச் சேர்ப்பதே சரி.

குங்குமத்தின் சிவப்பும் இதுதானே என்று அடுத்து கேட்பீர்கள். பாதிதான். ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் உடனே மஞ்சளாகிவிடும். ஆனால் மரபாகக் குங்குமம் செய்யும்போது மஞ்சளோடு வெண்காரம் (போராக்ஸ்), படிகாரம் இவற்றோடு எலுமிச்சைச் சாறையும் சேர்க்கிறார்கள், அப்படியும் சிவப்பு வருகிறது. வெண்காரத்தில் போரான் இருக்கிறது. அமிலச் சூழலில், காயக் காய, போரான் குர்குமினின் நடுப்பகுதியைப் பற்றிக்கொண்டு சிவப்பு அணைவுச் சேர்மத்தை உண்டாக்கும். இது வெறும் காரச் சிவப்பு அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் மஞ்சள் சிவந்தாலே காரம் என்று நோட்டில் எழுதினால், போரான் உள்ள போரிக் அமிலத்திடம் ஏமாந்துபோவீர்கள்.

ப்ராஜெக்ட்டுக்கு மஞ்சள் தாள் செய்யும் முறை இது. மூடியுள்ள சின்ன பாட்டிலில் ஒரு டீஸ்பூன் மஞ்சள் தூளும் 25 மி.லி. ஸ்பிரிட்டும் போட்டு அவ்வப்போது குலுக்கி 15 நிமிடம் வையுங்கள். தெளிந்த மேல் திரவத்தை மட்டும் வடிகட்டுங்கள். வடிதாளை அதில் நனைத்து நிழலில் காயவைத்து, ஒரு செ.மீ. அகலத் துண்டுகளாக வெட்டி, வெளிச்சம் படாத டப்பாவில் வையுங்கள். தண்ணீரில் கரைத்துச் செய்தால் நிறம் ஏறாது, மாவுதான் ஒட்டும். ஏ4 தாளில் செய்வது பலரும் விழும் குழி. இன்றைய எழுது தாள்கள் பலவற்றில் வெண்மைக்காகக் கால்சியம் கார்பனேட் சேர்க்கப்படுகிறது, சோதிக்கும் முன்பே தாள் மங்கிய ஆரஞ்சாகிவிடலாம். பள்ளி ஆய்வகத்தில் வடிதாள் கேளுங்கள், இல்லையென்றால் கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி போதும்.

சோப்புத் தண்ணீர், சலவை சோடா, சுண்ணாம்பு நீர், விறகுச் சாம்பலைக் கரைத்து வடித்த நீர் எல்லாம் தெளிவாகச் சிவக்கும். ஆப்ப சோடாதான் குழப்பும். அதன் பிஹெச் 8.3 ஒட்டியே இருப்பதால் ஆரஞ்சு வரும். அதையே பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவைத்துச் சோதித்தால் நல்ல சிவப்பு. கார்பன் டை ஆக்சைடு வெளியேறி அது சலவை சோடாவாக மாறத் தொடங்கியிருக்கும். இந்த ஒரு சோதனையே நடுவரைக் கவர்ந்துவிடும். எலுமிச்சையும் வெறும் தண்ணீரும் இரண்டுமே மஞ்சளாகத்தான் காட்டும், அமிலத்தைத் தனியே காட்ட மஞ்சளால் முடியாது. அதற்குச் செம்பருத்திப் பூச்சாறு வையுங்கள்.

போரானைக் காட்ட வேண்டுமானால் ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்யுங்கள். போரிக் அமிலத்தை (கேரம் போர்டு பவுடர்கள் பலவும் இதுதான்) கால் டீஸ்பூன் எடுத்து 20 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டு, மஞ்சள் தாளை நனைத்து, சூட்டில் முழுதாகக் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, காய்ந்ததும் செம்பழுப்பு வரும். அதன்மேல் அம்மோனியா ஒரு சொட்டு விட்டால் கரும்பச்சையாக மாறும். காரத்தால் சிவந்த தாள் இப்படி மாறாது. பாலில் போரிக் அமிலம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் இதே வழிதான். தூள் வாயில் படக்கூடாது, கையைக் கழுவுங்கள்.

மூன்றாவதாகவும் ஒரு சிவப்பு உண்டு: அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மஞ்சள் தூள் போட்டாலும் சிவக்கும். தண்ணீர் ஊற்றி நீர்த்ததும் அந்த நிறம் மறைந்தால் அது மஞ்சளின் சொந்த நிறம். மறையாமல் இளஞ்சிவப்பாகவே நின்றால் மெட்டானில் மஞ்சள் என்ற தடைசெய்யப்பட்ட சாயம் கலந்திருக்கிறது. இதை ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். கழிவறை ஆசிட்டில் ஏற்கெனவே சாயம் இருப்பதால் அது இதற்கு உதவாது. ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியின் கலப்படம் இந்தச் சோதனையில் சிக்காது என்பதையும் ப்ராஜெக்ட் அட்டையில் ஒரு வரி எழுதிவிடுங்கள், நடுவர்கள் கேட்கும் கேள்வி அது.