பதற்றமா, மனச்சோர்வா: யார் சொல்வது சரி?

கேள்வி: வயது 41. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம். ஈசிஜி, எக்கோ நார்மல். பதற்றம் என்றார் டாக்டர். மூன்று மாதமாக எதிலும் பிடிப்பில்லை. மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பார்ட்டிகள் போன் செய்தால் எடுப்பதில்லை. இன்னொரு டாக்டர் மனச்சோர்வு என்கிறார். யார் சொல்வது சரி? மெடிக்கலில் வாங்கித் தினமும் போடும் தூக்க மாத்திரையைத் தொடரலாமா?

பதில்: இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். பதற்றமும் மனச்சோர்வும் ஒருவருக்கே சேர்ந்து வருவது சாதாரணம். தூக்கக் கேடு, அசதி, எரிச்சல், கவனச் சிதறல், இருப்புக்கொள்ளாமை எல்லாம் இரண்டிலும் வரும். ‘என்ன ஆகுமோ’ என்ற தவிப்பு பதற்றத்தில் அதிகம். ‘எல்லாம் போச்சு’ என்ற நினைப்பு மனச்சோர்வில் அதிகம். படுத்தும் தூக்கம் வராமல் புரள்வது பெரும்பாலும் பதற்றம். விடியுமுன் விழித்து, காலையில் மனம் கனத்துக் கிடந்தால் மனச்சோர்வையும் யோசிப்போம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த போன்தான். வெள்ளி விலை, பாக்கி, டெலிவரி என்று ஏதாவது கேட்பார்களோ என்ற பயத்தில் எடுக்காமல் விடுகிறீர்கள். அந்த நிமிடம் படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதிக்காகவே அடுத்த முறையும் எடுப்பதில்லை. ஆர்டர் குறைகிறது, பட்டறைக்குப் போவது குறைகிறது, நாலு பேரோடு பேசுவதும் நின்றுபோகிறது. மனசுக்குத் தெம்பு கொடுத்ததெல்லாம் விலகினால் சோர்வு வரத்தான் செய்யும். சோர்ந்தால் வேலை தேங்கும். தேங்கிய வேலை மறுபடி பயத்தைக் கிளப்பும்.

அதனால் இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை செய்வோம். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் இரண்டுக்குமே உதவும். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் ஓரிரு வாரம் படபடப்பு கொஞ்சம் கூடலாம். பலர் அங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும்.

மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் வேண்டும். இன்றே ஒன்று செய்யலாம்: இருப்பதிலேயே தன்மையான ஒரு பார்ட்டியை நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். படபடப்பு வரட்டும், பேசி முடியுங்கள், தானாகத் தணியும். நாளைக்கு இன்னொருவர்.

தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, பி12 பரிசோதனையும் தேவை. ஏற்காட்டுக் காபி நம்மூர்க்காரர்களுக்கு விட மனசு வராது, தெரியும். மதியத்துக்கு மேல் மட்டுமாவது வேண்டாம். மது பழக்கம் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குடி இரண்டையுமே கிளறிவிடும்.

தூக்க மாத்திரையை இனி நீங்களாக வாங்க வேண்டாம். தினமும் போட்டுவந்ததைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். சில வகைகளில் வலிப்புகூட வரலாம். மனநல டாக்டர் படிப்படியாகக் குறைத்துவிடுவார். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

சாகலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். உடனே வீட்டில் சொல்லுங்கள், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

டாக்டரிடம் போகும்போது அந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் தூக்கத்தையும் கோபத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்தான்.