டயட்ல கரையுறது கொழுப்பா, தசையா? உங்க கேள்விகளும் என் பதில்களும்

வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தை சுத்தியே இருந்துச்சு: எடை மெஷின்ல நம்பர் ஏன் இறங்கல, இறங்குனது ஏன் திரும்ப ஏறுச்சு. ஒரே மாதிரி கேள்வியெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன், உங்க கேள்வி அப்படியே இல்லைன்னா பக்கத்துல எங்கயாவது பதில் இருக்கும்.

கேள்வி: டயட் ஆரம்பிச்ச முதல் வாரமே 3 கிலோ குறைஞ்சுது சார். அடுத்த ரெண்டு வாரமா அரை கிலோ கூட இறங்கல. மெட்டபாலிசம் நின்னுடுச்சா?

நிக்கல, மெட்டபாலிசம்னா உடம்பு கலோரியை எரிக்கிற வேலை, நாம உயிரோட இருக்குறவரைக்கும் அது நிக்காது. முதல் வாரம் போனதுல பெரும்பகுதி தண்ணி. நம்ம கல்லீரல்ல ஒரு 100 கிராம், தசைகள்ல ஒரு 400 கிராம் போல கிளைக்கோஜன்னு மாவுச்சத்து சேமிப்பு இருக்கும், ஒவ்வொரு கிராமும் கூடவே 3 கிராம் தண்ணியை பிடிச்சு வச்சிருக்கும். சாப்பாட்டை குறைச்சதும், அதுலயும் மாவுச்சத்தை வெட்டுனதும், முதல்ல காலியாகுறது இந்த சேமிப்புதான், அதோட தண்ணியும் பாத்ரூம் வழியா போயிடும், உப்பு குறைஞ்சதால போற தண்ணி தனி, குடல்ல இருக்குற சரக்கு குறைஞ்சது தனி.

நீங்களே கணக்கு போட்டு பாருங்க. உடம்புல 1 கிலோ கொழுப்பு கரைய சுமார் 7700 கலோரி பற்றாக்குறை வேணும். 3 கிலோவும் கொழுப்புன்னா ஒரு வாரத்துல 23,000 கலோரிக்கு மேல, அதாவது நாளைக்கு 3300. பெரும்பாலானவங்க ஒரு நாள் முழுக்க செலவு பண்றதே அவ்வளவு கிடையாது, எதுவுமே சாப்பிடாம பட்டினி கிடந்தாலும் கணக்கு இடிக்குது!

அடுத்த ரெண்டு வாரம் எடை நின்னதுக்கும் தண்ணிதான் பாதி காரணமா இருக்கும். புதுசா எக்சர்சைஸ் ஆரம்பிச்சா தசையில லேசா வீக்கம் வந்து தண்ணி கோக்கும், பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன்னாடி ஒன்றரை ரெண்டு கிலோ கூட ஏறி இறங்கும், உள்ள கொழுப்பு குறைஞ்சுக்கிட்டே இருந்தாலும் மெஷின்ல தெரியாது. தினமும் காலைல வெறும் வயித்துல எடை பாருங்க, வாரத்துக்கு ஒரு சராசரி எடுங்க, நாலு வாரம் போகட்டும், அப்புறம் பேசலாம்.

கேள்வி: 10 கிலோ குறைச்சேன். ஆனா உடம்பு தொளதொளன்னு இருக்கு, ஜிம்ல "தசை எல்லாம் போச்சு"ன்னு பயமுறுத்துறாங்க. நிஜமாவே எவ்வளவு போயிருக்கும்?

வெறும் சாப்பாட்டை மட்டும் குறைச்சு எடை இறக்குனா, போன எடையில தோராயமா கால் பங்கு கொழுப்பில்லாத எடைன்னு ஒரு பொதுக்கணக்கு இருக்கு. 10 கிலோவுல ரெண்டரை கிலோ. ஆனா அந்த ரெண்டரை கிலோவும் தசைன்னு நினைச்சு பதறாதீங்க, தண்ணி, கிளைக்கோஜன், சுருங்குன உறுப்பு எல்லாமே அந்தக் கணக்குலதான் வரும். ஏற்கனவே ஒல்லியா இருக்குறவங்க டயட் பண்ணா இந்தப் பங்கு கூடும், கொழுப்பு நிறைய இருக்குறவங்களுக்கு குறையும்.

தசை ஏன் போகுதுன்னா, கொழுப்பை சேமிக்க உடம்புல தனி இடம் இருக்கு, புரதத்துக்கு அப்படி குடோன் எதுவும் கிடையாது, இருக்குறதே தசைதான். தசைப் புரதம் தினமும் உடைஞ்சு தினமும் கட்டப்படுது. சாப்பாடு குறைஞ்சா உடம்பு கட்டுற வேலையை மெதுவாக்கும், உடையுறது அதுபாட்டுக்கு நடக்கும், வாரக்கணக்குல பார்த்தா நஷ்டம். இதை தடுக்குற வழி ரெண்டுதான், ஒண்ணு எடை தூக்குற பயிற்சி, ரெண்டு போதுமான புரதம்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச ஆய்வு கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல நடந்தது, 2016ல வெளியாச்சு. 40 இளைஞர்கள், நாலு வாரம், தேவையில 40 சதவீத கலோரியை வெட்டிட்டாங்க, அதுக்கு மேல கடுமையான பயிற்சி வேற. ஒரு குழுவுக்கு நாளைக்கு உடல் எடை கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், இன்னொண்ணுக்கு 2.4 கிராம். அதிக புரதம் சாப்பிட்டவங்களுக்கு கொழுப்பு 4.8 கிலோ போச்சு, கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ *கூடுச்சு*. மத்தவங்களுக்கு கொழுப்பு 3.5 கிலோ போச்சு, தசைப்பக்கம் ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. குறைவான புரதம் சாப்பிட்ட குழு கூட தசையை இழக்கலைங்கிறதை கவனிங்க, அது பயிற்சியோட வேலை. ஆனா அவங்க இளவயசு, பக்கத்துலயே ஆள் நின்னு பார்த்துக்கிட்ட ஆய்வு, நாலே வாரம். நம்ம ஆபீஸ் போயிட்டு வந்து செய்யுறப்போ அதே ரிசல்ட் வரும்னு எதிர்பார்க்காதீங்க.

டயட்ல இருக்குறப்போ நாளைக்கு உடல் எடை கிலோவுக்கு 1.6 கிராம்ல இருந்து 2 கிராம் புரதம் பெரும்பாலானவங்களுக்கு போதும். கிட்னி பிரச்சனை இருந்தா டாக்டரை கேக்காம இதை தொடாதீங்க, இது சும்மா சொல்ற டிஸ்கிளைமர் இல்ல.

தசை போகுதான்னு எப்படி தெரிஞ்சுக்குறது? மேல ஏறி நின்னா கொழுப்பு சதவீதம் காட்டுற மெஷினை நம்பி அழாதீங்க. அது கால் வழியா லேசா கரண்ட் அனுப்பி உடம்புல தண்ணி எவ்வளவுன்னு கணிச்சு மத்ததை ஃபார்முலால சொல்லுது, தண்ணி குடிக்கிறதுக்கு முன்ன ஒண்ணு காட்டும் பின்ன ஒண்ணு காட்டும். தசை போகுதான்னு பார்க்க ஒரு நோட்டு போதும். தேதி, ஸ்குவாட்ல தூக்குன எடை, எத்தனை ரெப் (நிறுத்தாம எத்தனை தடவை), பக்கத்துல இடுப்பு சுற்றளவு சென்டிமீட்டர்ல. "50 கிலோ, 8 ரெப், இடுப்பு 96"ன்னு இருந்தது ரெண்டு மாசம் கழிச்சு "50 கிலோ, 8 ரெப், இடுப்பு 91"ன்னு இருந்தா தசை பத்திரமா இருக்கு. எடை கடகடன்னு இறங்கி, ரெப் 8ல இருந்து 4க்கு விழுந்துச்சுன்னா வேகமா போறீங்க, சாப்பாட்டை கொஞ்சம் கூட்டுங்க.

கேள்வி: பல வருஷமா டயட் பண்ணி பண்ணி என் மெட்டபாலிசமே டேமேஜ் ஆயிடுச்சு, 1000 கலோரி சாப்பிட்டாலும் எடை ஏறுது. சரி பண்ண முடியுமா?

இதுல உண்மையும் இருக்கு, கற்பனையும் கலந்திருக்கு.

உண்மை என்னன்னா, எடை குறைஞ்சா செலவு குறையும், அதுவும் குறைஞ்ச எடைக்கு ஏத்த அளவை விட கொஞ்சம் *கூடவே* குறையும். 1995ல லைபல், ரோசன்பாம், ஹிர்ஷ் மூணு பேரும் வெளியிட்ட ஆய்வுல, உடல் எடையில 10 சதவீதம் குறைச்சு அங்கேயே நிறுத்தி வச்சவங்களுக்கு, கொழுப்பில்லாத எடை கிலோவுக்கு நாளைக்கு சுமார் 6 கலோரி செலவு சுருங்கியிருந்துச்சு. கொழுப்பில்லாத எடை 50 கிலோ இருக்குற ஆளுக்கு அது நாளைக்கு 300 கலோரி. வருமானம் குறைஞ்ச குடும்பம் மாதிரிதான் உடம்பும், முதல்ல கை வைக்கிறது வெளியில தெரியாத செலவுல: கால் ஆட்டுறது, நின்னு பேசுறது, மாடிப்படி ஏறுறது எல்லாம் நமக்கே தெரியாம குறைஞ்சிடும். கொழுப்புல இருந்து வர்ற லெப்டின் ஹார்மோன் இறங்கும், தைராய்டோட டி3 ஹார்மோனும் கொஞ்சம் இறங்கும், பசி ஏறும்.

2016ல அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழு வெளியிட்ட ஆய்வை நிறைய பேர் ஃபார்வர்டு பண்றீங்க. அமெரிக்க டிவி எடைக்குறைப்பு போட்டியில கலந்துக்கிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சு பார்த்தாங்க, சராசரியா 58 கிலோ குறைச்சவங்க 41 கிலோ திரும்ப ஏத்தியிருந்தாங்க, ஓய்வுல இருக்குறப்போ எரியுற கலோரி எதிர்பார்த்ததை விட நாளைக்கு 500 கம்மியா இருந்துச்சு. பயமா இருக்குல்ல? ஆனா ஃபார்வர்டுல வராத பாதி ஒண்ணு இருக்கு: குறைச்ச எடையை நல்லா தக்க வச்சவங்களுக்குத்தான் மெட்டபாலிசம் *அதிகமா* இறங்கியிருந்துச்சு. அப்போ மெட்டபாலிசம் இறங்குனதாலதான் எடை ஏறுச்சுன்னு நேரா முடிச்சு போட முடியாது.

இப்போ கற்பனைக்கு வருவோம். குறைவா சாப்பிட்டா உடம்பு எடையை விடாம பிடிச்சுக்கும்னு சொல்றது தப்பு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ் 1944-45ல 36 ஆரோக்கியமான ஆண்களை வச்சு 24 வாரம் அரைப்பட்டினி ஆய்வு நடத்துனார், நாளைக்கு சராசரியா 1570 கலோரி, கூடவே வாராவாரம் 35 கிலோமீட்டர் நடை. அவங்க அடிப்படை மெட்டபாலிசம் கிட்டத்தட்ட 40 சதவீதம் விழுந்துச்சு, குளிர் தாங்கல, நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்பு, ஆனாலும் உடல் எடையில கால்வாசி போச்சு. யாருக்கும் எடை ஏறல.

1000 கலோரில எடை ஏறுதுன்னா, மன்னிச்சுக்கோங்க, அது 1000 இல்ல. யாரையும் பொய்யர்னு சொல்லல, நாம எல்லாருமே கம்மியா கணக்கு போடுற ஆளுங்கதான், டயட்டீஷியனும் சேர்த்தி. எண்ணெய், பானம், ருசி பார்த்தது, சனி ஞாயிறு. ஒரு வாரம் கிச்சன் தராசுல நிறுத்து எழுதுங்க. உண்மையிலயே கணக்கு சரியா இருந்தும் எடை ஏறுனா தைராய்டும், சாப்பிடுற மருந்துகளும் பார்க்கணும்.

மின்னசோட்டா ஆய்வுல இன்னொரு விஷயம் இருக்கு, அடிக்கடி டயட் பண்றவங்க படிச்சே ஆகணும். திரும்ப நல்லா சாப்பிட ஆரம்பிச்சதும் கொழுப்பு சீக்கிரம் நிரம்பிடுச்சு, தசை பின்தங்கிடுச்சு, கொழுப்பு பழைய அளவையும் தாண்டி போச்சு. கிராஷ் டயட், பழையபடி சாப்பாடு, திரும்ப கிராஷ் டயட்னு சுத்துனா, எடை மெஷின்ல அதே நம்பர் இருந்தாலும் உள்ள இருக்குற சரக்கு மாறிடலாம். நீங்க "டேமேஜ்"னு சொல்றது பல பேருக்கு இதுதான். இதை சரி பண்ணலாம், அதுக்கு ஆறு மாசம் எடையை குறைக்காம அப்படியே வச்சு தசையை கட்டணும், அது யாருக்கும் பிடிக்கிறதில்ல.

கேள்வி: 1 கிலோ தசை ஏத்துனா சும்மா உக்காந்தாலே தினமும் 100 கலோரி எரியுமாமே?

எரியாது. ஓய்வுல 1 கிலோ தசை நாளைக்கு சுமார் 13 கலோரிதான் எரிக்கும், 1 கிலோ கொழுப்பு நாலரை. உக்காந்த இடத்துல எரிக்கிறது மூளை, கல்லீரல், இதயம், கிட்னி. தசையை காப்பாத்த சொல்றது கலோரிக்காக இல்ல, சர்க்கரையை உள்ள வாங்கிக்க, எலும்புக்கு, வயசானா கீழ விழாம இருக்க.

கேள்வி: ஜிம் நிறுத்துனா தசை கொழுப்பா மாறிடுமா?

மாறாது, ரெண்டும் வேற வேற செல். தசை சுருங்குது, சாப்பாடு அதே அளவுல ஓடுறதால கொழுப்பு ஏறுது, அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு 42 ஆகுது. 40 தாண்டுனா மெட்டபாலிசம் படுத்துடும்ங்கறாங்க.

ஹெர்மன் பான்ட்சர் குழு 2021ல 29 நாடுகள்ல 6400 பேருக்கு மேல டேட்டா சேர்த்து பார்த்தாங்க, பிறந்து 8 நாள் ஆன குழந்தையில இருந்து 95 வயசு வரைக்கும். உடம்போட சைஸை கழிச்சுட்டு பார்த்தா 20ல இருந்து 60 வரைக்கும் மெட்டபாலிசம் நேர்கோடு, 60க்கு அப்புறம்தான் வருஷத்துக்கு 0.7 சதவீதம் போல இறங்குது. 42ல மாறுனது உங்க வேலை, தூக்கம், நடை, தசை. பழியை வயசு மேல போட முடியாது, எனக்கும் வருத்தம்தான்.

கேள்வி: வயித்துக் கொழுப்பு மட்டும் குறையணும், தினம் எத்தனை சிட்அப்?

1984ல ஒரு ஆய்வுல 13 பேர் 27 நாள்ல ஆளுக்கு 5004 சிட்அப் போட்டாங்க. ஊசி வச்சு வயிறு, முதுகு, பின்பக்கம் மூணு இடத்துலயும் கொழுப்பு செல்லை எடுத்துப் பார்த்தா, வயித்துல மட்டும் தனியா எதுவும் ஸ்பெஷலா சுருங்கல. உங்களுக்கு எத்தனைன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

கேள்வி: கரைஞ்ச கொழுப்பு எங்க போகுது? வேர்வையா?

பெரும்பாலும் மூச்சா. 10 கிலோ கொழுப்பு முழுசா எரிஞ்சா 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடா நுரையீரல் வழியா போகுது, மிச்சம் 1.6 கிலோ தண்ணி. அதுக்காக வேகமா மூச்சு விட்டா கரையாது, தலைதான் சுத்தும். கொழுப்பு செல்களோட எண்ணிக்கையும் பெருசா குறையறதில்ல, காலி பை மாதிரி சுருங்கி அங்கேயே இருக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 66. சர்க்கரைக்கும் எடைக்கும் சேர்த்து வார ஊசி போடுறாங்க, பசியே இல்லைன்னு அரை வயிறுதான் சாப்பிடுறாங்க. எடை நல்லா குறையுது. கவலைப்படணுமா?

ஊசியை நிறுத்த சொல்ல மாட்டேன், அது டாக்டர் முடிவு. ஆனா கவனிக்கணும். இந்த மாதிரி வார ஊசி மருந்துல ஒண்ணான செமாகுளூடைட் வச்சு நடந்த பெரிய ஆய்வுல, உடம்பு ஸ்கேன் எடுத்தவங்ககிட்ட குறைஞ்ச எடையில கிட்டத்தட்ட 5ல 2 பங்கு கொழுப்பில்லாத எடை. 35 வயசுக்காரர் அதை திரும்ப கட்டிக்கலாம், 66ல கட்டுறது ரொம்ப மெதுவாத்தான் நடக்கும். பசி இல்லாததால முதல்ல தட்டுல இருந்து விழுறது புரதம்தான், அதனால சாப்பாட்டை முட்டை, மீன், பருப்பு, தயிர்ல ஆரம்பிக்க சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்புறம். வாரத்துல ரெண்டு நாளாவது எதிர்ப்பு கொடுக்குற பயிற்சி, ரப்பர் பேண்ட் வச்சாலும் சரி.

வீட்டுலயே ஒண்ணு செஞ்சு பாருங்க. கை இல்லாத சேர்ல, கையை மார்புல கட்டிக்கிட்டு, அஞ்சு தடவை எழுந்து உக்கார சொல்லுங்க, பக்கத்துலயே நில்லுங்க. 15 செகண்டுக்கு மேல ஆச்சுன்னா கால்ல பலம் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், அடுத்த டோஸ் கூட்டுறதுக்கு முன்னாடி அந்த நேரத்தை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.