சும்மா இருக்கும் மெஷின் எதற்கு 15% தின்கிறது?

கேள்வி: லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறோம். ஒரே லினக்ஸ் சர்வரில் கேவிஎம் (ஒரே சர்வருக்குள் பல மெஷின்களை ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டு நான்கு விர்ச்சுவல் மெஷின்கள் ஓடுகின்றன. இரவில் யாரும் தொடாத ஒரு மெஷினுக்கு உள்ளே போய்ப் பார்த்தால் 1% வேலைகூட இல்லை. வெளியே ஹோஸ்ட்டில், அதாவது அசல் சர்வரில், அதே மெஷின் 15% சிபியு காட்டுகிறது. வைரஸா?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: இந்த வித்தியாசம் வர வைரஸ் தேவையில்லை. காட்பாடி ஜங்ஷன் வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர் சவாரி இல்லையென்றால் இன்ஜினை அணைத்துவிடுவார். ரயில் வந்து நின்ற நேரமென்றால், இதோ ஆள் வந்துவிடும் என்று கொஞ்சம் ஓடவிட்டே வைத்திருப்பார். உங்கள் சர்வரிலும் அதுதான் நடக்கிறது.

வேலை இல்லாத மெஷின் 'ஹால்ட்' என்ற கட்டளையைக் கொடுக்கும். அந்த இடத்தில் கட்டுப்பாடு ஹைப்பர்வைசரிடம், அதாவது மெஷின்களை மேய்க்கும் கேவிஎம்மிடம், வந்துவிடும். அது அந்த விசிபியுவை (மெஷினுக்குக் கொடுத்த விர்ச்சுவல் சிபியுவை)த் தூங்க வைத்து, அது ஓடிய கோரை (அசல் ப்ராசஸரின் ஒரு பகுதியை) வேறு வேலைக்குக் கொடுக்கும். டைமரோ நெட்வொர்க்கோ தட்டினால் எழுப்பும். தூங்கி எழுவதற்கும் நேரம் பிடிக்கும் அல்லவா? அதனால் கேவிஎம் தூங்க வைக்கும் முன் கொஞ்சம் விழித்தே காத்திருக்கும். இதற்கு ஹால்ட் போலிங் என்று பெயர், 2015இல் வந்தது. இன்டெல், ஏஎம்டி சர்வர்களில் வழக்கமான உச்ச வரம்பு 200 மைக்ரோ விநாடி. டைமர் அடிக்கடி எழுப்பும் மெஷினில் இந்தச் சின்னச் சின்னக் காத்திருப்புகள் சேர்ந்துகொண்டே போகும். மெஷின் தான் தூங்குவதாகவே நினைக்கிறது. கணக்கு ஹோஸ்ட் பக்கம் ஏறுகிறது. அந்தக் கோருக்கு வேறு வேலை வந்தால் கேவிஎம் உடனே விட்டுக்கொடுத்துவிடும். அதனால் அதை அப்படியே விடுங்கள் என்பேன். ஹோஸ்ட்டில் கேவிஎம்மின் 'ஹால்ட்_போல்_என்எஸ்' என்ற உச்ச வரம்பைப் பூஜ்யமாக்கினால் எண் இறங்கும், பதில் வரும் வேகமும் சற்றுக் குறையும்.

எனக்குக் கவலை வேறு: இருக்கும் கோருக்கு மிஞ்சி விசிபியு கொடுப்பது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் நான்கு கோர் சர்வரில் மூன்று மெஷின்களுக்கும் தலா நான்கு விசிபியு கொடுத்திருந்தார்கள். பில் போடவே திணறியது. பூட்டைக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொட வேண்டிய தகவலுக்குப் போடும் காவல்) கையில் வைத்திருக்கும் விசிபியுவின் முறை பாதியில் முடிந்துவிடும். அந்தப் பூட்டுக்காக மற்றவை சும்மா சுற்றிக்கொண்டே கோரைப் பிடித்திருக்கும். இப்படி வீணாகச் சுற்றுவதை இன்றைய ப்ராசஸர்கள் கண்டுபிடித்துச் சொல்லும். ஹைப்பர்வைசரும் அதே மெஷினின் வேறொரு விசிபியுவுக்கு முறையைக் கொடுத்துப் பார்க்கும். ஆனாலும் எல்லாம் சரியாகிவிடாது. தலா இரண்டாகக் குறைத்தேன், பில் தடையில்லாமல் ஓடியது.

அதனால் மாலை நெரிசல் நேரத்தில் ஒவ்வொரு லினக்ஸ் மெஷினுக்குள்ளும் 'டாப்' கட்டளை போட்டு 'எஸ்டி' எண்ணைப் பாருங்கள். கோர் கிடைக்காமல் காத்திருந்த நேரத்தின் சதவீதம் அது. தொடர்ந்து பத்துக்கு மேல் போனால், எத்தனை கோர், எத்தனை விசிபியு என்று எழுதுங்கள், அப்புறம் பார்ப்போம்.